டிரைவர் பக்கம் எது?

போன சனிக்கிழமை காலை பாரிஸை ஒட்டிய பொண்டியில், ஒரு பழைய லாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேர் விழித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் லாரியின் சொந்தக்காரர் மெஸ்யே ரெனே. இன்னொருவர் அந்தக் கதவுகளின் உள்பக்கத்துக்குப் புதிதாக ரெக்சின் போட்ட யோகநாதன். மூன்றாவது ஆள்? வேறு யார்… வழக்கம்போல் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான்தான்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

யோகநாதன் பாரிஸ் லா ஷப்பேலில் எங்களுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே காருக்கும் லாரிக்கும் சீட் தைத்தவர். இங்கே ஒரு ரெஸ்டாரண்டில் தட்டுக் கழுவுகிறார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. "ஊசி பிடிச்ச கை அக்கா… இப்ப ஊசி குத்தினாலும் தெரியுதில்லை" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் கிழிந்து கிடந்தன. தைக்கக் கொடுத்தேன்.

அதுதான் ஆரம்பம்.

மெஸ்யே ரெனே என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். வந்த மனிதர் உட்கார வேண்டியதுதானே? நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தையலைப் பார்த்தார். அடியில் தடவினார். "யார் செய்தது?" என்றார். கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது, மனிதருக்கு நாற்காலிதான் பெரிதாகப் போய்விட்டது!

விஷயம் இதுதான். அவருடைய அப்பா பால் கேன் ஏற்றி ஓட்டிய லாரி ஒன்று பொண்டியில் அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் இன்னும் ஓடுகிறது. பெயின்ட் பளபளக்கிறது. கதவுகளின் உள்பக்கத்துப் பலகைகள் மட்டும் ஈரத்தில் உளுத்து, மேலே போர்த்திய ரெக்சின் நார்நாராகத் தொங்குகிறது. "இதைச் செய்து தருவாரா? என் மைத்துனன் கராஜ் வைத்திருக்கிறான். சீட் வேலைக்கு ஆள் தேடுகிறான். வேலையை அவனே வந்து பார்க்கட்டும்" என்றார்.

இதை நான் கீழே போய்ச் சொன்னபோது யோகநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

ரெனே பலகைகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். பலகையா அது? டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி கையிலேயே உதிர்ந்தது! யோகநாதன் துண்டுகளைத் தரையில் பரப்பி, பொருத்தி, அளவெடுத்து, கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குத் துளை குறித்தார். தனியாக ஒரு பை கிடந்தது. காகிதம், கையுறை என்று போட்டு வைக்கக் கதவில் தைத்திருந்த பை.

"அக்கா, இது எந்தக் கதவுக்கெண்டு கேளுங்கோ."

அவருக்குப் பிரெஞ்சு வராது; நான் கேட்டேன். "ஓட்டுகிறவர் பக்கம்" என்றார் ரெனே.

"டிரைவர் பக்கமாம்" என்றேன்.

"ஓம் அக்கா" என்றார் யோகநாதன்.

இதைவிடச் சுத்தமான மொழிபெயர்ப்பு உலகத்தில் உண்டா? நீங்களே சொல்லுங்கள்!

அப்புறம் அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே… அதே பச்சை வேண்டுமென்று மோன்மார்த்தர் குன்றின் அடிவாரத்துத் துணிக்கடைகளில் ஏறி இறங்கினார். கடைசித் துண்டு ரெக்சினை வாங்கிவந்தார். லீவு நாளெல்லாம் கீழ்வீட்டில் ரம்பமும் சுத்தியலும்தான். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். என்னிடம் ஏன்? தெரியவில்லை.

சனிக்கிழமை பொண்டிக்குப் போனோம். ரெனே காபி போட உள்ளே போன நேரத்தில் யோகநாதன் இரண்டு பலகைகளையும் கதவுகளில் பொருத்திவிட்டார். அழகென்றால் அப்படி அழகு. ரெனே வந்தார், பார்த்தார், வாயெல்லாம் பல்லாக ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய இடது கை பழக்கத்தில் கதவுப் பைக்குள் போகப் பார்த்தது.

பை இல்லை.

மூன்று பேரும் வலப்பக்கக் கதவைப் பார்த்தோம். பை அங்கே இருந்தது, கம்பீரமாக!

"ஐயோ அக்கா… எங்கடை ஊரில டிரைவர் வலப்பக்கமெல்லே!"

யாழ்ப்பாணத்தில் மட்டுமா? எங்கள் புதுச்சேரியிலும் அப்படித்தானே! இந்த ஊரில் தினமும் பஸ் ஏறுகிறவர். இங்கே டிரைவர் இடப்பக்கம் உட்காருகிறார் என்று கண்ணுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. நாம் விமானம் ஏறி வந்துவிடுகிறோம், கை கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது போலிருக்கிறது.

பலகைகளை மாற்றிப் பொருத்தலாமா? முடியாது, இரண்டு கதவும் எதிரெதிர் வடிவம். பையைப் பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். மிச்சத் துணியும் கிடையாது. மைத்துனர் எந்த நேரமும் வந்துவிடுவார். "என்ரை பிழை அக்கா… திருப்பிச் செய்து தாறன் எண்டு சொல்லுங்கோ" என்றார் யோகநாதன்.  எனக்கு அவருடைய தட்டுக் கழுவும் தொட்டிதான் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் ரெனேயின் மனைவி மதாம் ஓதெத் வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். பையைப் பார்த்தார். தன் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, ரோட்டு மேப், ஓர் ஆப்பிள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் போட்டார்.

"கல்யாணமான நாளிலிருந்து இந்த லாரியில் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். இதில் யாரும் கை வைக்கக் கூடாது, ரெனே."

"என் காகிதங்கள்?"

"கேள். எடுத்துத் தருகிறேன்."

அந்த லாரியைச் செய்த அத்தனை பேரில் ஒருவருக்காவது, பக்கத்தில் உட்காருகிறவளுக்கும் ஒரு பை வேண்டும் என்று தோன்றியதா? பிழை விட்ட ஒருவர் வர வேண்டியிருந்தது!

மைத்துனர் வந்தார். பேசாத ஆள். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். தையல் ஓடும் கோட்டைக் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு விரலை நீட்டினார். "பை ஏன் இந்தப் பக்கம்?"

நான் ரெனேயைப் பார்த்தேன்.

"நான்தான் அப்படிக் கேட்டேன்" என்றார் ரெனே, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். "ஓதெத்துக்காக."

"ஓ… நல்லது. திங்கட்கிழமை கராஜுக்கு வரச் சொல்லுங்கள்."

"அக்கா, என்ன சொல்லினம்?" என்று என் கையைப் பிடித்தார் யோகநாதன். சொன்னேன். வேலை கிடைத்ததற்குக் குதிப்பார் என்று பார்த்தால், மனிதர் பதறிவிட்டார்.

"அவர் அப்பிடிக் கேக்கேல்லையே அக்கா! பிழை விட்டது நானெல்லே. உண்மையைச் சொல்லுங்கோ அவைக்கு."

"தம்பி, வாயை மூடிக்கிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போங்க" என்றேன்.

மொழிபெயர்க்கிறவளுக்கும் சில நேரம் காது கேட்காமல் போகலாம், இல்லையா?