செருப்பைப் பைக்குள் வைத்தேன்

காலை ஆறு முப்பத்தைந்துக்கு என் மகள் கண்ணிலிருந்து மறைந்தாள். ஆறு பத்துக்கு வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டவள். அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். இட்லி டப்பா, குளுக்கோஸ், அவளுடைய போன் எல்லாமே என் தோள்பையில் இருந்தன.

மார்கழி பிறந்து நான்கு நாள். திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடத்தில் ஒரு கோயில்காடு. பனி இறங்கும்போது அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள், எதற்கும் பயம் கிடையாது. நடந்துபோய்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

எல்லைக் கல்லைத் தாண்டி அந்தக் காட்டுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அவள் கழற்றிவிட்டு முன்னால் நடந்தாள். இரண்டு நாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தூக்கிக்கொண்டு போய்விடுமே என்று இரண்டு ஜோடிகளையும் எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தபோது பனிதான் இருந்தது.

பாதை இரண்டாகப் பிரிந்தது. கண்மாய்ப் பக்கம்தானே போயிருப்பாள் என்று அந்த வழியில் விரைந்தேன். ஈர இலைகள் பாதத்தில் சில்லென்று ஒட்டின. கரையில் யாரும் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். எங்கோ ஒரு மயில் கத்தியது. மணி ஆறு ஐம்பது. என் கை குளிரில் நடுங்கியது. சர்க்கரை இறங்கினால் அவளுக்கும் முதலில் கைதான் நடுங்கும். அவளும் அதைக் குளிர் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தால்? மரத்தடிகளில் எல்லாம் குனிந்து பார்த்தேன். முள் குத்தியது பிறகுதான் தெரிந்தது.

மறுபடியும் கல்லுக்கே ஓடினேன். ஈரச் செம்மண்ணில் வெறுங்கால் தடங்கள். இன்னொரு பாதையிலிருந்து திரும்பி வந்து, கல்லருகே கொஞ்சம் நின்று, ரோட்டுப் பக்கம் போயிருந்தன. அப்போதுதான் புரிந்தது. இரண்டு ஜோடிச் செருப்பும் இல்லாததைப் பார்த்து, நான் வெளியே போய்விட்டதாக நினைத்து என்னைத் தேடிப் போயிருக்கிறாள். நான் எடுத்து வைத்திராவிட்டால் அங்கேயே காத்திருப்பாள்.

ரோட்டுக்கு ஓடினேன். வண்டி நிறுத்திய இடத்தில் எவரும் இல்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பனிக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டி மெதுவாக வந்தது. ஓட்டியவர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா. அவர் முதுகில் சாய்ந்தபடி என் மகள், தலையில் யாருடைய துண்டோ. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் அவள் கைகளைப் பிடித்தேன். நடுக்கம் இல்லை.

அந்த அம்மா வண்டியை நிறுத்தினார்.

"ஒங்களத் தேடித்தான் கடைப்பக்கம் வந்துச்சு. கை வெடவெடன்னுச்சு, பேச்சும் கொளறுச்சு. சுகர்னு மட்டும் சொல்லுச்சு. நாலு ஸ்பூன் சீனியப் போட்டு டீ குடுத்தேன், ரெண்டு பன்னும் தின்னுருக்கு. புள்ள நல்லாருக்கு. நீங்க மொதல்ல ரோட்டோரமா ஒக்காருங்க, கால்ல ரத்தம் வருது பாருங்க."