கம்ப்யூட்டர் அளந்த இடது கால்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். செருப்புத் தோல் வெட்டும் மிஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று, ஏதோ வீடியோவைப் பார்த்து, அதன் பிராசஸரை விதித்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓவர்கிளாக் செய்தவன் நான். மிச்சமான நேரத்தில் என்ன சாதித்தேன் என்றால், கூடுதலாக ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடித்தேன். "சூடு ஏறினா கணக்கு தப்பும் அத்தான்" என்று காட்கோபரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் மைத்துனன் எச்சரித்தான். என் மூளை குளிர்ந்திருக்கும்போதே கணக்கு தப்பும், அதை யாரும் மாற்றவில்லையே என்றேன்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. தாராவியில் மனுஷனுக்கே இடமில்லை, பேய் எங்கே போய்த் தங்கும்?

அப்போதுதான் விக்ரோலியிலிருந்து செல்வம் என்றொருவர் செருப்பு தைக்க வந்தார். மறுநாள் அவருக்குக் கல்யாணம். "பொண்ணு வீட்டாளுக முன்னால நடக்கணும் அண்ணாச்சி, கழண்டு மானத்தை வாங்கிராம பாத்துக்கிடுங்க" என்று வாசற்படியில் உட்கார்ந்து வலது காலை மட்டும் உள்ளே நீட்டினார். எனக்கு அதுவே போதும். வலது அளவைக் கொடுத்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடதைக் கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுவிடும்.

தைத்து முடித்து ஜோடி சேர்த்தால், இடது செருப்பு ஒரு விரற்கடை குட்டை. கோணலில்லை, பிசிறில்லை, வேறொரு காலுக்கென்றே அளவெடுத்த மாதிரி. அந்த நிறத் தோல் தீர்ந்துவிட்டது, மாப்பிள்ளையோ வாசலில் நிற்கிறார். வாங்கப்போகும் அடிக்கு முதுகைத் தயார் செய்துகொண்டு நீட்டினேன்.

போட்டார். எழுந்தார். சந்தின் கடைசிவரை, சாக்கடைப் பலகைகளைத் தாண்டி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சின்னதுலயே இடது கால் சரியா வளரல அண்ணாச்சி. செருப்பை விரலால இறுக்கிப் பிடிச்சே நடந்து பழகிட்டேன். வீட்டாளுகளைத் தவிர யாருக்கும் தெரியாதே, உங்களுக்கு யாரு சொன்னா?"

நம்பினால் நம்புங்கள், கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

மைத்துனன் வந்து பார்த்தான். "சூட்டுல தப்புனா கோணல்மாணலால்லா வரும்? இது அளந்துல்லா தப்பியிருக்கு!" அதே வேகத்தில் அதே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு காலும் ஒரே அளவு. பயந்துபோய் வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டேன்.

போன வாரம் செல்வம் மனைவியோடு வந்தார், இன்னொரு ஜோடி வேண்டுமாம். நான் டேப்போடு குனிந்து, "இந்தத் தடவை இடது காலையும் நீட்டும் மாப்ளே, அளந்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அதுக்குத் தெரியும்."