ஏற்றினார்கள், எழுதி வைக்கவில்லை

எஸ்தரைக் கொன்றது அவள் வேலை பார்த்த ஆலை. கால் தவறி விழுந்தாள் என்று சொல்கிறவர்கள் அன்று எடைமேடைப் பக்கமே வராதவர்கள். நான் அங்கே இருந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அவள் விழுந்த மூன்றாம் நாள் காலை கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவர் டேவிட் அழைத்தார். "எஸ்தரு பூட்டாப்பா" என்றார். "நீ வேலைக்கிப் போய்க்கினு இருக்கியா?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வேலைக்குப் போனேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி லீவு எடுத்தால் மறுநாள் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எனக்கு லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடையின் கணினி. அவளுக்கு மின்சாரமும் தொலைபேசியும். எந்த நிலத்தில் அவள் அம்மா கூலிக்கு நாற்று நட்டாரோ, அந்த நிலத்தின் மேல்தான் எங்கள் ஆலை நிற்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த மகளும் அங்கே கூலியாகத்தான் நுழைய முடிந்தது.

எடைமேடையையும் சென்னை அலுவலகத்தையும் இணைப்பது ஒரு பழைய ஐ.எஸ்.டி.என். லைன். ஒரே கம்பியில் பேச்சும் போகும், கணினித் தகவலும் போகும். மற்ற இடங்களில் அதைக் கழற்றிப்போட்டு வருடங்கள் ஆகின்றன. எங்களிடம் இன்னும் ஓடுகிறது. அந்த லைனையும் என் கணினியையும் சேர்த்து வைப்பது டெர்மினல் அடாப்டர் என்கிற, டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. அது படுத்துவிட்டால் எடைச்சீட்டு வராது. லாரிகள் நெடுஞ்சாலை வரை நிற்கும். முன்பெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் வந்து, அரை நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு அமைப்பாகத் தட்டிக்கொண்டிருப்பார்.

எஸ்தர் அதன் ஆங்கிலக் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தாள். அமைப்புகளை எல்லாம் தொகுத்து ஆறு புரொஃபைல்களாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். எங்கள் லைனுக்குப் பொருந்துவது இரண்டாவது. "ஓட்டல்ல மீல்ஸ் சொல்றா மாதிரிதான். ரெண்டாம் நம்பர்னு சொன்னா எல்லாம் சேர்ந்து வந்துடும். சாம்பார் எங்க, ரசம் எங்கன்னு தனித்தனியா கேக்கத் தேவயில்ல" என்றாள். பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து மூன்று வரி எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினாள்: பழசை அழி. ரெண்டை ஏத்து. எழுதி வை. மூன்றாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு.

நான் ஏன் என்று கேட்டேன். "ஏத்துனா மட்டும் பத்தாது நைனா. பொட்டிக்குள்ள எழுதி வெக்கலன்னா, கரண்ட் போயி வந்தா நீ யாருன்னே அதுக்குத் தெரியாது."

பதினோரு மாதம் முடிந்தால் எங்களுக்கு 'பிரேக்' உண்டு. பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும்; எல்லோரையும் சேர்ந்தாற்போல் அனுப்பாமல் ஆளுக்கொரு தேதி கொடுப்பார்கள். திரும்பி வரும்போது புது அடையாள அட்டை, புது எண், புதிதாகச் சேர்ந்தவன் என்ற கணக்கு. ஐந்தாவது பிரேக் முடிந்து வந்த அன்று, எஸ்தர் தன் பழைய அட்டைகளையும் கொண்டுவந்து கேன்டீன் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே முகம். "நம்மளையும் ஏத்திக்கினேதான் கீறானுங்க. ஒருத்தனும் எழுதி வெக்க மாட்டேன்றான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

இனி சொல்லப்போவதை டேவிட்டிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஆறாவது பிரேக்கில் பெட்டி ஒருநாள் படுத்தது. அட்டையைப் பார்த்தேன். பழசை அழித்தேன். இரண்டை ஏற்றினேன். லைன் வந்துவிட்டது. வெளியே லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். சீட்டு போட உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வரியைச் செய்யவில்லை.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. பெட்டிக்கு எதுவும் நினைவில்லை. எடைமேடை அறையின் கூரை மேல் ஒயர் அறுந்திருக்கிறது என்று சூப்பர்வைசரே முடிவு செய்து, பெட்டியைத் தொட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிரேக்கில் இருந்த எஸ்தரைப் போன் போட்டு வரவழைத்தார். கேட்டில் யாரும் அவளைப் புத்தகத்தில் எழுதச் சொல்லவில்லை. "எஸ்தரு தானே, உள்ள போம்மா" என்றார் செக்யூரிட்டி. மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

இரண்டே நிமிடம். ஏற்றினாள், எழுதி வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. என் பக்கம் குனிந்து, சூப்பர்வைசர் காதில் விழாமல், "இன்னா நைனா, மூணாவது வரி கண்ணுக்குத் தெரியலியா?" என்றாள்.

"வந்தது வந்துட்ட. மேல அந்த ஒயரையும் ஒரு தபா பாத்துட்டுப் போயேன்" என்றார் சூப்பர்வைசர்.

ஒயரில் ஒன்றும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சொன்னால், தப்பு யாருடையது என்ற கேள்வி வரும். எனக்குப் பிரேக் வர இன்னும் இருபது நாள்தான் இருந்தது. இந்தச் சமயத்தில் பெயர் கெட்டால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எஸ்தர் என்னை ஒரு கணம் பார்த்தாள். ஏணி எடுத்து வரச் சொன்னாள்.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். மேலே நடக்கப் பலகை கிடையாது. பாதுகாப்பு பெல்ட்டுகள் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தன; அவை நிரந்தரத் தொழிலாளர்களுக்கு. இரண்டாவது ஷீட்டில் கால் வைத்தாள். உடைந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. உள்ளே, என் நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவில் விழுந்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்று எஸ்தர் பணியில் இல்லை என்கிறது ஆலை. கேட் புத்தகத்தில் பெயர் இல்லையாம். எதற்கு வந்தாள் என்றே அவர்களுக்குத் தெரியாதாம். அடக்கத்துக்கு ஒரு மலர்வளையம் வந்தது. அனுப்பியவர் பெயரை அதிலும் எழுதவில்லை.

அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. சட்டைப் பையில் வைத்திருப்பதால் ஓரங்கள் நைந்துவிட்டன. மூன்றாவது வரியைத் தினமும் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்த்த அந்த ஒரு கணமும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேனேஜருக்கு எழுதினேன், கான்ட்ராக்டருக்கு எழுதினேன், தொழிற்சாலை ஆய்வாளருக்கும் எழுதினேன். கேட்டது ஒன்றுதான். எஸ்தர் அன்று வேலைக்கு வந்தாள் என்று எழுதுங்கள். எழுதி வைக்க மறந்தவன் நான் என்பதையும் அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் விழுந்த மறுநாளிலிருந்து எங்கள் கேட்டில் யார் நுழைந்தாலும் பெயர் எழுதியாக வேண்டும். காலையில் செக்யூரிட்டி புத்தகத்தை என் பக்கம் திருப்புகிறார். என் பெயரை எழுதுகிறேன். பிறகு, பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, அவள் விழுந்த தேதியில் விரலை வைத்து, "எஸ்தர் பேரையும் எழுதுங்கண்ணா" என்கிறேன்.

அவர் எனக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்க்கிறார்.