ரோசம்மா அக்காவுக்கு வாசல் காத்த நாள்

திங்கட்கிழமை காலை உலை கொதித்துக்கொண்டிருந்தபோது ரோசம்மா அக்காவின் மகள் ஷீலா போன் செய்தாள். “சித்தி, அம்மா போயிட்டாங்க” என்றாள். “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசியைக் களைந்து போட்டேன். முந்தின நாள் முழுக்க அவர் வீட்டு வாசலில் நின்ற கால்வலி இன்னும் போகவில்லை. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

சூரியநெல்லியைச் சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட்டுகளில் அக்காவைத் தெரியாத தொழிலாளர் லயம் இல்லை. பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் அவர்; அவருக்குத் துணையாகப் போனவள் நான். இனிக் குணமாகாது என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. பதினொரு வருடம் ஒரே ஜீப்பில் போனோம். புண் துடைப்பது, வலிக்கு மருந்து கொடுப்பது எல்லாம் எந்த நர்சும் செய்வார். அக்கா கூடுதலாக ஒன்று செய்தார். கடைசி நாள்களில் வீட்டைக் காலி செய்வார்.

லயத்து வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி. சாகக் கிடப்பவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். “எல்லாரும் வெளிய போங்க. ஒவ்வொருத்தரா வந்து பேசிட்டுப் போங்க. கூட்டமா நின்னா அழத்தான் முடியும், பேச முடியாது” என்பார். எங்களில் ஒருவர் வாசலில் காவல் நிற்போம். ஒருமுறை ஜெபம் பாதியில் நின்றுவிட்டதென்று உபதேசியார் ஒருவர் கோபித்துக்கொண்டார். அக்கா மசியவில்லை. “வாசல்ல நின்னு ஜெபிங்க ஐயா, ஆண்டவருக்குக் கேக்கும்.” தூறலில் குடை பிடித்துக்கொண்டு அவர் ஜெபித்து முடித்தார்.

இன்னொரு வீட்டில் மாமியாரிடம் தனியாகப் போக மாட்டேன் என்று மருமகள் அடம்பிடித்தாள். அக்கா எப்படியோ பேசி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தவள் சொன்னாள்: “எங் கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சாம். இருவது வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாயத் தொறந்து சொல்லுது.” ஜீப்பில் ஏறியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “அலுப்பா இருக்குடி” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அவர் யாரிடமும் மறைக்கவில்லை. “எனக்குன்னு வரும்போது வாசல நீ பாத்துக்க செல்வி” என்றார்.

பார்த்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆள்கள் வரத் தொடங்கினார்கள். போடியிலிருந்து அக்காவின் தம்பி, கொழுந்து கிள்ளும் பெண்கள், எங்கள் ஜீப் டிரைவர். ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். செருப்புகளை ஒதுக்கினேன், இருமியவர்களுக்குச் சுடுதண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பின், “நீங்க இன்னும் பாக்கலியே சித்தி, உள்ள போங்க” என்றாள் ஷீலா. “அசந்திருப்பாங்க. நாளைக்கு வந்து பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நாளைக்கு என்று சொன்னவர்களை நாங்கள் எத்தனை வீட்டில் திட்டியிருக்கிறோம். களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. உள்ளே போய்ப் பேசினால் அவர் போவது உறுதியாகிவிடும் என்று இருந்தது.

அடக்கம் முடிந்தபின் ஷீலா சொன்னாள். “நீங்க போனப்புறம் அம்மா ஒங்களக் கேட்டாங்க சித்தி. வாசல்ல நின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னேன். ‘கள்ளி, வேலையச் சாக்கு வச்சுத் தப்பிச்சிட்டா’ன்னு சிரிச்சாங்க.” அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

போன வாரம் வேறொரு லயத்துக்குப் போனோம். படுத்திருந்தவருக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் வாசலில் காத்து நின்றார்கள். மூத்த மகள் அடுப்படியில் வந்தவர்களுக்கெல்லாம் கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். “அவங்க போகட்டும் சிஸ்டர், எனக்கு வேல கெடக்கு” என்றாள். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்தேன். “மொதல்ல நீ போ தாயி” என்றேன். உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ‘கள்ளி’ என்ற அந்தக் கேலிதான். போகும் வீட்டிலெல்லாம் வேலைக்குள் ஒளிந்து நிற்கும் ஆளைத் தேடி, முதலில் உள்ளே அனுப்புகிறேன். அன்று என்னை அப்படி அனுப்பக்கூடிய ஒரே ஆள் உள்ளே படுத்திருந்தார்.