தண்ணீர் படக்கூடாத முகம்

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடி அருகே கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய மருத்துவமனையில் நான் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். புற்றுநோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வதும் அங்கே பணி விதி. காய்ச்சல் பார்த்த பிறகு, மாலை மருந்துக்கு முன். கடவுள் பெயரைச் சொல்லலாம். எந்தக் கடவுள் என்பது நோயாளியின் விருப்பம். எல்லாக் கட்டில்களுக்கும் சொல்லி முடிக்கையில் என் குரல் எனக்கே அலுத்துவிடும்.

சிங்கம்புணரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மனைவிக்குக் கன்னத்தில் புற்று. மதுரையில் கதிர் சிகிச்சை பாதி முடிந்திருந்தது. வாய் வெந்து புண்ணானதால், இடையில் ஒரு வாரம் ஓய்வுக்கு எங்களிடம் வந்தார். கதிர் விழ வேண்டிய இடத்தைக் கன்னத்தில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழியக் கூடாது; முகத்தில் தண்ணீரே படக் கூடாது.

முகம் கழுவாமல் தொழக் கூடாது என்று அவர் தொழுகையை நிறுத்தியிருந்தார். பிறகு கஞ்சியையும் ஒதுக்கினார். ஓய்வு முடியும் சமயத்தில், மதுரைக்குத் திரும்பப் போவதில்லை என்றார்.

"தொழுகை இல்லாம மௌத்தாப் போறதுக்கு வைத்தியம் எதுக்கு?"

சாவைத்தான் மௌத் என்றார். நான் விதிப்படி ஆறுதல் சொன்னேன். "கடவுள் மனசைத்தாம்மா பாப்பாரு."

புண் வாயோடு மெதுவாகப் பேசினார். "ஊசி போட வர்றப்ப கை கழுவாம வாங்க சிஸ்டரம்மா. மனசு சுத்தம்னு டாக்டரு விட்டுருவாரா?"

அவருடைய கணவரைத் தாழ்வாரத்தில் பிடித்து, முகம் கழுவாமல் தொழ வழியே இல்லையா என்று கேட்டேன்.

"தண்ணி கிடைக்காத எடத்துல மண்ணைத் தொட்டு மொகத்துலயும் கையிலயும் தடவிக்கிட்டுத் தொழலாம்னு உண்டும்மா" என்றார். "இங்க குழாயைத் திறந்தாக் கொட்டுதே, எப்படிச் செல்லும்ங்கிறா."

"அதை உங்க பள்ளிவாசல்ல கேளுங்க. நீங்க சொன்னாலும் நான் சொன்னாலும் அவுக கேக்க மாட்டாக."

மறுநாள் இமாமையே கூட்டிவந்தார். இமாம் திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னார்: "தண்ணி ஆகாத நோவும், தண்ணி இல்லாத மாதிரித்தாம்மா. சுத்தமான கல்லுன்னாலும் போதும். கோடு இருக்க எடத்துல கை பட வேணாம்."

வார்டுக்குள் மண்ணும் கல்லும் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் விதி. தலைமைச் சிஸ்டரிடம் போனேன். "கொதிக்க வைத்தால் கல் என்ன, கத்தரிக்கோல் என்ன?" என்றார். ஒரு தட்டைக் கல்லைத் தேய்த்துக் கழுவி, கருவிகள் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டு, காய்ந்ததும் வெதுவெதுப்பாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கல்லுக்கும் காய்ச்சலா சிஸ்டரம்மா?" என்றார்.

கல்லைத் தொட்டு, கோட்டை ஒதுக்கி முகமும் கையும் தடவி, மேற்கே பார்த்துக் கட்டிலிலேயே உட்கார்ந்து தொழுதார். நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்ததும் கணவரைக் கூப்பிட்டார். "மதுரை பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேட்டு வாங்க."

சிகிச்சையை முழுவதும் முடித்துக்கொண்டு எங்களிடம் திரும்பினார். நோய் போகவில்லை. அதன்பிறகு அவருக்கு நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தொழும் நேரத்தில் ஊசியோடு யாரும் அந்தக் கட்டிலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.