கம்பளிச் சால்வை

டிசம்பர் பிறந்துவிட்டால் என் தங்கை ரஞ்சிதம் நின்றுகொண்டேதான் தேநீர் குடிப்பாள். இடது கையில் கோப்பை, வலது கையில் கரண்டி. பாதி குடித்ததும் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோவாள். பகலில் நான் போய்ப் பார்த்தால் அந்த விளிம்பில் ஆறிப்போன கோப்பைகள் மூன்று நான்கு வரிசையாக இருக்கும்.

மலேசிய மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து விருந்தினர் பங்களாவில் அவள் சமையல்காரி. பள்ளி விடுமுறை விட்டதும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குளிர் தேடி ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு மேசைக்கு வாட்டிய கோழி, இன்னொன்றுக்குக் காரமில்லாத சூப், குழந்தைகளுக்குத் தனியாகக் கஸ்டர்ட். அவளுடைய கஸ்டர்டைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வெள்ளைக்காரம்மாள் சமையலறைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இதை நான் கொழுந்து எடுக்கும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு மேலேயும் சொல்லியிருக்கிறேன்.

பங்களாவில் இருப்பது பழைய விறகு அடுப்பு. அதற்கு ரஞ்சிதம் வைத்த பெயர் மாப்பிள்ளை. மழையில் நனைந்த விறகு புகைந்தால், "மாப்பிள்ளைக்குக் கோவம் வந்துடுச்சு. இனிமே தாஜா பண்ணணும்லா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஊதுவாள். உப்பை எப்போதும் புறங்கையில் தட்டித்தான் பார்ப்பாள். கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் கடிகாரம் இருந்தும் பேருந்துச் சத்தத்தை வைத்துத்தான் நேரம் சொல்வாள்.

நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம். கொழுந்து லோரி ஓட்டிய தங்கராஜுவைக் கட்டிக்கொண்டு அவள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாள். அவருக்காகச் சேர்ந்தவள், பிறகு தனக்காகவே நிலைத்தாள். மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று அவள் கண்ணை மூடி ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் எதுவும் பொங்குவதற்குள் முடித்துவிடுவாள்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு மட்டும் அவளால் போக முடிந்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில், அப்போதைய சமையல்காரர் பக்கிரிசாமி, "கிறிஸ்மஸ்ல லீவுன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. வேலயும் போயிடும், லயத்து வீடும் போயிடும்" என்று சொல்லியிருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போனார். தோட்டத்தை நிர்வகித்த துரைகள் இரண்டு பேர் மாறினார்கள். அந்தச் சொல் மட்டும் அடுப்பங்கரையிலேயே இருந்தது.

தங்கராஜு வேறு மாதிரி மனிதர். கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பக்கம் உள்ள ஜெபக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் பாய் விரித்திருக்கும். கிறிஸ்துமஸ் அன்று அவர் முதல் ஆளாகப் போய், ரஞ்சிதத்தின் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையைப் பெண்கள் பக்கம் சுவரோரமாக மடித்துப் போட்டு இடம் பிடிப்பார். அவர் கூப்பிடுவார் என்பதற்காக நானும் போய்ப் பெண்கள் பக்கம் உட்காருவேன். பெண்கள் விடுவார்களா?

"அண்ணே, இது பொம்பளைங்க பக்கம்லா. பாய் மாறிப் போச்சா?"

"தெரியும்மா. ஆளு வருது."

ஆள் வராது. ஆராதனை முடிந்ததும் சால்வையை எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போவார். "இடம் போட்டு வச்சிருந்தேன் புள்ள" என்பார். கையில் மாவோடு நிற்கும் இவள், "அடுத்த வருஷம் பாக்கலாம்லா" என்பாள். அவர் சிரித்துவிட்டுச் சால்வையை அவள் தோளில் போட்டுவிட்டு வருவார்.

எண்பத்தொன்றாம் ஆண்டு, மாரடைப்பு அவரை லோரிக் கொட்டகையிலேயே கொண்டுபோய்விட்டது.

அந்த டிசம்பரில் விருந்தினர் விவரம் சொல்லத் தோட்டத்து அலுவலகக் கிராணி காளியண்ணன் சமையலறைக்கு வந்தார். ரஞ்சிதம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, கிறிஸ்மஸ் காலைல கொஞ்ச நேரம் கோயிலுக்குப் போயிட்டு வரட்டுமா? வேல போனாலும் பரவால்ல."

"வேல ஏம்மா போவுது? சாப்பாடு மத்தியானம்தானே. ஒத்தாசைக்கு இருக்கற சரோஜாவ அடுப்பப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போ." அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "இத்தன வருஷம் நீ கேக்கவே இல்லியே?"

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். அழவில்லை. "அவரு கூப்பிட்டாரு. ஆண்டவரும் கூப்பிட்டாரு. துரை கூப்பிட்டா மட்டும்தான் எனக்குக் காது கேட்டுச்சுக்கா" என்றாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதையும் நின்றுகொண்டே குடித்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் முதல் பாட்டு முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். தலை சாயவில்லை, குறட்டையும் இல்லை. அப்படி ஒரு அமைதியை அவள் முகத்தில் சின்ன வயதில் பார்த்தது. முடிந்ததும் உபதேசியாரிடம் போய் நின்றாள்.

"தூங்கிட்டேன் ஐயா. மன்னிச்சுக்குங்க."

"என் பிரசங்கத்துல தூங்குறவங்க நெறைய பேரும்மா. வந்து மன்னிப்பு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

அதிலிருந்து வருஷம் தவறாமல் போகிறாள், வருஷம் தவறாமல் தூங்குகிறாள். ஒரு மணி நேரம்தான். திரும்பி வந்தால் பங்களாவில் கார்கள் நிற்கும், மாப்பிள்ளை புகைந்துகொண்டிருப்பான். "அந்த ஒரு தூக்கம் போதும்க்கா, டிசம்பர் பூராத் தாங்கும்" என்கிறாள். சொல்லிவிட்டு, "முன்னாடியே தூங்கியிருக்கலாம்" என்றும் சொல்கிறாள்.

போன கிறிஸ்துமஸ் காலையில் மழை விடவில்லை. பாய் வழியாகச் சிமெண்டுத் தரையின் குளிர் ஏறியது. நான் சுவரோரம் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். கூச்சம் மிகுந்த ரஞ்சிதம் உள்ளே வந்து நேராக ஆண்கள் பக்கம் நடந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. தங்கராஜு முன்பு வழக்கமாக உட்கார்ந்த தூணருகே குனிந்து, தோளிலிருந்த சால்வையை எடுத்து நான்காக மடித்து அங்கே வைத்தாள். ஆட்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். பிறகு இந்தப் பக்கம் வந்து என் அருகில், சில்லென்ற பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.