திங்கட்கிழமைச் சத்தம்

"அக்கா, வாகனத்துக்கு ஒண்டுமில்லை. ஓடுற ஆளுக்குத்தான் பயம்."

எங்கள் ஊர் மெக்கானிக் இதைச் சொன்னபோது அவனுடைய கராச்சில் நாலு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவருக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. நான் திறப்பை வாங்கிக்கொண்டு பிக்கப்பில் ஏறினேன். கியரை அடித்துப் போட்டேன்.

பருத்தித்துறையில் விடிய மீன் எடுத்து, உடுப்பிட்டிக்கும் கோப்பாய்ப் பக்கத்துச் சந்தைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். முதலில் அது என் கணவரின் தொழில். அவர் மாரடைப்பில் போனபிறகு முற்றத்தில் நின்ற பிக்கப்பைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. இந்த மெக்கானிக் அவரை அண்ணை அண்ணை என்று சுற்றித் திரிந்தவன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என்னிடம் வந்து, "பொம்பிளை நீங்கள் உந்த வாகனத்தை வைச்சு என்ன செய்யப்போறியள்? எனக்குத் தாங்கோ" என்றான். அடுத்த கிழமை வாகனம் ஓடப் பழகத் தொடங்கினேன். எனக்கு அப்போது நாற்பத்திநாலு வயது.

அவன் அதை மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நானும் அவன் கேட்ட நேரத்தை மன்னிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வேறு கராச் இல்லாததால் அவனிடமே போய்க்கொண்டிருந்தேன்.

சத்தம் தொடங்கியது மழைக்காலம் முடிகிற நேரத்தில். விடிய ஐந்து மணிக்குத் திறப்பைத் திருப்பினால், தகரப் பேணிக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கினதுபோல இஞ்சினுக்குள் ஒரு கடகடப்பு. மூன்று விநாடிதான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இஞ்சின் ஓடும். சில நாள் வரும், சில நாள் வராது. மீன் ஏற்றி, இறக்கி, கராச்சுக்குப் போய்ச்சேர ஒன்பது பத்து மணியாகிவிடும். அங்கே அவன் திறப்பைத் திருப்பினால் பூனைபோலக் கிடக்கும். மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம்தான் அந்தப் பேச்சு.

பேச்சு அதோடு நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து மீன் சந்தையில் ஏலம் கூறி விற்கிறவர், "என்ன அக்கா, இண்டைக்கும் இஞ்சினுக்குள்ளை பேய் கதைச்சதோ?" என்று கேட்டார். சுற்றி நின்ற சனம் சிரித்தது. நான் விளைமீன் பெட்டிக்கு விலை சொன்னேன். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். சத்தத்தை நிறுத்துவது பிறகு. முதலில் அவனுடைய வாயை நிறுத்தவேண்டும். அதே நாலு பேருக்கு முன்னால்.

குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொரு நாளும் குறிக்கத் தொடங்கினேன். சத்தம் வந்தால் ஒரு புள்ளடி. மழை பெய்ததா, எத்தனை மணிக்கு வாகனத்தை நிற்பாட்டினேன், எத்தனை மணிக்கு எடுத்தேன், எல்லாம் எழுதினேன். முதலில் ஈரத்தில்தான் வருகிறதென்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நல்ல வெயில் நாளிலும் வந்தது. ஒரு மாதம் போனதும் புள்ளடிகள் தாமாகவே ஒரு வரிசையில் நின்றன. திங்கட்கிழமைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கு நடந்துதான் போவேன், வாகனத்தைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில், முதல்நாள் மத்தியானத்தோடு வேலை முடிந்திருந்தால் வரும். பின்னேரமும் ஒரு சுற்று ஓடியிருந்தால் வராது. ஆகவே ஈரமும் இல்லை, பேயும் இல்லை. கன நேரம் நின்றால் வருகிறது.

எப்போது தொடங்கியது என்பதையும் யோசித்தேன். அவன் கடைசியாக ஒயில் மாற்றின கிழமைக்குப் பிறகு. ஒரு சாக்கை விரித்து வாகனத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். என் கணவர் எப்போதும் வெள்ளை நிற ஒயில் பில்டர்தான் போடுவிப்பார். இப்போது பெயரே எழுதாத கறுப்பு ஒன்று இருந்தது.

யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகங்கள் விற்கிற கடைக்கு பஸ்ஸில் போனேன். கடைக்காரர் வெள்ளைப் பில்டரின் ஓட்டைக்குள் சின்னி விரலை விட்டுக் காட்டினார். உள்ளே ஒரு ரப்பர் நாக்கு.

"வாகனம் நிக்கேக்கை ஒயில் கீழை வடிஞ்சு போகாமல் இதுதான் பிடிச்சு வைக்கும். இது இல்லாட்டி விடிய ஸ்ராட் பண்ணேக்கை ஒயில் மேலை போய்ச்சேர நேரமெடுக்கும். அதுவரைக்கும் உள்ளை இருக்கிற ரைமிங் செயின் தொய்ஞ்சு அடிபடும். சங்கிலி குலுக்கினமாதிரிக் கேக்குமே?"

"ஓம்" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் என் சத்தத்தை நம்பினார்.

"அஞ்சு நிமிச வேலை. கன நாள் விடாதேங்கோ" என்றார்.

நான் அதை வாங்கி பிக்கப்பின் சீற்றுக்குக் கீழே வைத்தேன். மூன்று கிழமை அது அங்கேயே கிடந்தது.

அன்றைக்கே மாற்றியிருக்கலாம். மாற்றினால் சத்தம் போய்விடும். சத்தம் போனால் என்னிடம் சாட்சி இல்லை. அதைவிட, நாலு பேரில் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தார். மூன்று பேர் எனக்குப் போதாது. அவர் வரும்வரை காத்திருந்தேன். அதற்குள் மூன்று விநாடி ஐந்தாகி, ஐந்து ஆறாகியது. விடியற்காலையில் அந்தக் கடகடப்பைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 'நல்லாய்ச் சத்தம் போடு' என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

அவர் கொழும்பிலிருந்து திரும்பிய கிழமை, சனிக்கிழமை மத்தியானம் பிக்கப்பைக் கராச்சுக்குக் கொண்டுபோனேன்.

"தம்பி, இடப்பக்கக் கதவுக் கண்ணாடி இறங்குதில்லை. அவசரமில்லை, ஆறுதலாய்ப் பாரும். திங்கள் வந்து எடுக்கிறன்."

"திறப்பு?"

"கண்ணாடிக்கு ஏன் திறப்பு? அது என்னட்டை இருக்கட்டும்."

ஞாயிறு பூசையில், கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பொய் சொல்லிச் செபிக்க விருப்பமில்லை.

திங்கள் ஏழரைக்குப் போனபோது நாலு பேரும் இருந்தார்கள். நான் பொனற்றைத் தூக்கிவைக்கச் சொன்னேன். திறப்பை அவனிடம் கொடுத்தேன்.

"ஒருக்கால் ஸ்ராட் பண்ணும்."

"ஏனக்கா, கண்ணாடி சரி..."

"பண்ணுமன்."

அவன் சிரித்துக்கொண்டே திருப்பினான். இஞ்சின் வாய் திறந்து கத்தியது. தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் என் வீட்டு முற்றத்தில் கேட்டதைவிட இரண்டு மடங்காக இருந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு. பிறகு அடங்கியது. ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடிக்காரர்தான் முதலில் கதைத்தார்.

"உது செயின் சத்தமெல்லே?"

நான் வெள்ளைப் பில்டரை எடுத்து அவர்களுடைய தேத்தண்ணி மேசையில் வைத்தேன். அதுவரை நீர் என்று அழைத்தவனை அன்றைக்கு நீ என்றேன்.

"நீ போட்ட பில்டருக்குள்ளை ரப்பர் இல்லை. கழட்டிப்போட்டு இதைப் போடு. நான் இதிலை இருந்து பாக்கிறன்."

அவன் முகம் கறுத்தது. "அப்ப சாமான் வராத நேரம் அக்கா. கிடைச்சதைத்தான் போட்டனான்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமெண்டு ஏன் சொன்னனீ?"

அவன் ஒரு சாக்கை இழுத்து விரித்தான். கீழே படுத்தான். பில்டரைக் கழற்றும்போது கறுத்த ஒயில் மணிக்கட்டால் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. நான் கதிரையை இழுத்துப்போட்டு, அவர்கள் தந்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தேத்தண்ணி நான் குடித்ததில்லை. பிறகு போகிற சந்தையெல்லாம் அந்தக் கதையை நானே சொன்னேன். அவனுடைய வாடிக்கைக்காரர் சிலர் வேறு இடம் தேடிப்போனதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் சத்தம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள், இஞ்சின் சூடான பிறகும் மெல்லிய உரசல் ஒன்று கேட்கத் தொடங்கியது. கோப்பாயில் இருக்கிற வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இஞ்சினைத் திறந்து, அடியில் ஒயில் நிற்கிற தட்டிலிருந்து சின்னச் சின்னக் கறுப்புப் பிளாஸ்ரிக் துண்டுகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"செயினைத் தாங்குற கட்டை. அடிபட்டு உடைஞ்சு போச்சு. செயினும் மாத்தவேணும். சத்தம் தொடங்கினபிறகு எவ்வளவு நாள் ஓடினனீங்கள்?"

"சரியாத் தெரியேல்லை" என்றேன். விடையெல்லாம் என் வீட்டுக் கலண்டரில் இருந்தது. உடைத்தது அவன் போட்ட பில்டர்தான். ஆனால் கடைசி மூன்று கிழமைக்கு அவன் பொறுப்பில்லை. அந்தத் துண்டுகளை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு பஸ் ஏறினேன்.

பிக்கப் கோப்பாயில் கிடந்த நாட்களில் ஓட்டோ பிடித்துத்தான் மீன் கொண்டுபோனேன். ஒரு நாள் காலை உடுப்பிட்டிச் சந்தையில் என் பெட்டிகளுக்கு முன்னால் அந்த மெக்கானிக் வந்து நின்றான். ஓட்டோவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"பிக்கப் எங்கையக்கா?"

"சேர்விசுக்கு."

அவனுக்கு விளங்கிவிட்டது. தொழில் தெரிந்தவன்தானே. "செயினோ?" என்று மெல்லக் கேட்டான். அவன் குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மீன் வேணுமெண்டா சொல்லு. இல்லாட்டி வழியை விடு."

"ஒரு பாரை தாங்கோ."

முன்னால் இருந்த, ஐஸ் போட்ட வெள்ளை றெஜிபோம் பெட்டியில் அன்று விடியப் பிடித்த பாரை கண் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் குனிந்து, பின்னால் இருந்த முதல்நாள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் செவுளைத் தூக்கிப் பூவைப் பார்த்தான். செத்த நிறம். கரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. ஒன்றும் சொல்லாமல் காசைத் தந்துவிட்டு மீனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். சண்டை பிடிக்க எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் நான் நின்றேன்.